சிறு வினைகளும் பெரும்பொருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்ப்பையும் ஒன்றாக வைத்தவர் தொல்காப்பியர். தமிழர்க்கு மொழிபெயர்ப்பு புதிய தொழிலன்று. ஆயினும் தமிழ் ஒருபுறமும் பிறமொழி ஒருபுறமும் நிற்க நடக்கும் பெயர்ப்பையே தமிழ்க் கவிஞர் பெரிதும் கண்டிருப்பர். இன்றைய உரை, தமிழ் இருபுறத்தும் நில்லாத ஒரு பெயர்ப்பினைப் பற்றியது. ஆங்கிலத்தின் மிகச் சிறிய, மிக எளிய வினைச்சொற்கள் பிரெஞ்சு மொழிக்குச் செல்லும்போது என்ன ஆகின்றன என்பதே பொருள். இருவர் வழக்கைத் தள்ளி நின்று கேட்பவனுக்குத் தன் வழக்கும் தெளிவாகும் என்பது இதன் பயன்.

சாலையோரத்து ஒரு சொல்

ழான்-போல் வினே, ழான் தார்பெல்னே என்னும் இருவர் பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட்டு 1958ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். மொழிபெயர்ப்பியல் கற்போர் இன்றும் பயிலும் நூல் அது. அந்நூல் இலக்கண விதியில் தொடங்கவில்லை, நெடுஞ்சாலையில் தொடங்குகிறது. நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியல் நோக்கி ஒரு பயணம். எல்லை கடந்து கனடாவின் கியூபெக் மாநிலத்துள் நுழைந்ததும் அறிவிப்புப் பலகைகள் இருமொழிப் பலகைகளாகின்றன. ஆங்கிலத்தில் 'ஸ்லோ' என்றும், பிரெஞ்சில் 'லாந்த்மான்' என்றும் எழுதப்பட்டிருக்கிறது.

அகராதியைப் புரட்டினால் இதில் பிழை காண இயலாது. 'லாந்த்மான்' என்றால் 'மெதுவாக' என்றே பொருள். ஆயினும் பிரெஞ்சிலேயே நினைத்து எழுதுபவர் அவ்விடத்தில் அச்சொல்லை எழுதார். 'ராலாந்திர்' என்றே எழுதுவார். 'வேகத்தைக் குறைக்க' என வினையாற் கூறுவதே அம்மொழியின் வழக்கு. 'ஸ்லோ' என்பது ஆங்கிலத்தில் பெயரடையாகவும் வினையடையாகவும் வினையாகவும் நிற்கவல்ல சொல். பெயர்த்தவர் அம்மூன்றனுள் ஒன்றைப் பற்றிக்கொண்டார். சொல்லைப் பெயர்த்தார், ஏவலைப் பெயர்க்கவில்லை. பலகையில் நிற்பது பிரெஞ்சுச் சொல், பேசுவது ஆங்கிலம்.

பலபொருள் ஒருசொல்

ஆங்கிலத்தில் 'கெட்', 'புட்', 'டேக்', 'செட்', 'ரன்', 'மேக்', 'கோ' முதலான வினைகள் குழந்தை முதலில் கற்பவை. அகராதி ஆக்குவோர் இறுதிவரை அஞ்சுபவை. 1755ஆம் ஆண்டில் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், இத்தகைய வினைகளின் பொருளை வரையறுப்பது எத்துணைக் கடினம் என்று தம் முன்னுரையிலேயே முறையிட்டார். 'டேக்' என்னும் ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்பதற்கு உரியது. மூன்றெழுத்துச் சொல் பல பக்கங்களை நிறைத்துக்கொண்டது.

இவ்வளர்ச்சிக்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனைக்கும் அறமன்றத்திற்கும் உரிய மொழி நெடுங்காலம் பிரெஞ்சாயிற்று. பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் வந்த நெடுஞ்சொற்கள் ஆங்கிலத்தில் உயர்வழக்காயின. வீட்டிலும் வயலிலும் வழங்கிய பழைய குறுஞ்சொற்கள் அழியவில்லை; 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'இன்' போன்ற சிறு துணைச்சொற்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொன்றும் நூறு வேலை செய்யக் கற்றுக்கொண்டன. அடுப்படியில் நின்ற சொற்களே வீட்டை நடத்தின.

பிரெஞ்சு மொழியில் இத்தகைய வினைகளே இல்லை என்று கருதுதல் தவறு. 'ஃபேர்', 'மெத்ர்', 'பிராந்த்ர்', 'பாசே' என அங்கும் பல்பொருள் வினைகள் உண்டு. இடர்ப்பாடு யாதெனில், இருமொழி வினைகளின் எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதில்லை. இரண்டு ஊர்களின் நிலவரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல், ஓரிடத்தில் தெருக்கள் பொருந்தும். அடுத்த முனையில் ஒன்று கோயிலாகவும் மற்றொன்று குளமாகவும் நிற்கும்.

'கெட்' என்பதைக் காண்க. கடிதம் 'கெட்' ஆனால் பிரெஞ்சில் 'பெறுதல்'. சொன்னது 'கெட்' ஆனால் 'புரிதல்'. பேருந்திலிருந்து 'கெட் ஆஃப்' என்றால் 'இறங்குதல்'. 'கெட்' என்பதோடு முதுமையைக் குறிக்கும் சொல் சேர்ந்தால் பிரெஞ்சில் 'வியேயிர்' என்னும் ஒரே வினை; மெலிவு சேர்ந்தால் 'மேக்ரிர்'; சிவப்பு சேர்ந்தால் 'ரூழிர்'. மூத்தான், மெலிந்தான், சிவந்தான் என்று தமிழ் ஒரு வினையால் முடிப்பதை பிரெஞ்சும் ஒரு வினையால் முடிக்கிறது. இரண்டு சொல் தேடுவது ஆங்கிலமே.

'புட்' என்பதும் அவ்வாறே. மேலங்கியைப் 'புட் ஆன்' செய்தால் அணிதல். விளக்கைப் 'புட் அவுட்' செய்தால் அணைத்தல். கூட்டத்தைப் 'புட் ஆஃப்' செய்தால் ஒத்திவைத்தல். அணிதல், அணைத்தல், ஒத்திவைத்தல் என்பனவற்றுக்குள் 'வைத்தல்' என்னும் பொதுப்பொருளைத் தேடிச் சென்ற பெயர்ப்பாளர் வழி தவறுவார். அங்கே வினையும் துணைச்சொல்லும் சேர்ந்து ஒரு புதுச்சொல்லாகிவிட்டன. பிரித்துப் பெயர்த்தல் உயிர்மெய்யைப் பிரித்து ஓசை தேடுவதை ஒக்கும்.

இனமும் சார்பும்

ஒருசொல் பலபொருள் தரும்போது அதன் பொருளைத் தெளிதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்றனையும் துணையாகக் காட்டினார் தொல்காப்பியர். 'மா' என்பது மரமா விலங்கா என்ற ஐயத்தைப் 'பூத்தது' என்னும் வினை தீர்த்துவைக்கும். பெயர்க்குச் சொன்ன அந்நெறியைத் திருப்பிப் பிடித்தால் வினைக்கும் பொருந்தும். வினை ஐயுறவு தரும்போது, அதனை அடுத்து நிற்கும் பெயரைக் கேட்க வேண்டும்.

'டேக்' என்பதன் பின்னே மருந்தோ தொடர்வண்டியோ வந்தால் பிரெஞ்சில் 'பிராந்த்ர்' எனலாம். குழந்தையைப் பள்ளிக்கு 'டேக்' செய்தால் 'ஆம்னே'. குடையை உடன் 'டேக்' செய்தால் 'ஆம்போர்தே'. ஆளை அழைத்துச் செல்வதும் பொருளை எடுத்துச் செல்வதும் பிரெஞ்சுக்கு வேறு வேறு, தமிழுக்கும் அப்படியே. ஆங்கிலம் இரண்டனையும் ஒரே வினையால் சொல்லிக் கடந்துவிடுகிறது. இவ்வேறுபாடு அறியாத பெயர்ப்பாளர் குழந்தையைக் குடையாக்கிவிடுவார்.

தேர்வு வந்து சேர்ந்தால் சிக்கல் முதிர்கிறது. ஆங்கிலத்தில் தேர்வை 'டேக்' செய்வர், தமிழில் எழுதுவர், பிரெஞ்சிலோ 'பாசே' என்பர். 'பாசே' என்பதைக் கண்டதும் ஆங்கிலம் அறிந்தவர் 'பாஸ்' என்று மயங்குவார். அம்மயக்கம் ஒரு சான்றுக் கடிதத்தில் நேர்ந்தால், தேர்வு எழுதியவர் தேறியவராகிவிடுவார். உண்மை தெரியவரும் நாளில் பொய்யர் என்று பெயர்பெறுவார் அவரே, பெயர்த்தவர் அல்லர்.

'ரன்' என்னும் வினை தமிழ்க் காதுக்கு இனிக்கும். ஆங்கிலத்தில் ஆறு ஓடும், இயந்திரம் ஓடும், கைக்கடிகாரமும் ஓடும். தமிழிலும் இவை மூன்றும் ஓடும். பிரெஞ்சில் ஆறு 'கூலே', அதாவது ஒழுகும். இயந்திரமும் கடிகாரமும் 'மார்ஷே', அதாவது நடக்கும். ஆங்கிலேயனின் இயந்திரம் ஓட, பிரெஞ்சுக்காரனின் இயந்திரம் நடக்கிறது. வேகத்தில் குறைவொன்றும் இல்லை! தேர்தல் வந்தால் அமெரிக்கன் ஓடுகிறான், தமிழன் நிற்கிறான், பிரெஞ்சுக்காரன் தன்னை முன்னிறுத்துகிறான். மூவர் விரும்புவதும் ஒரே நாற்காலிதான்.

ஆற்றைக் கடத்தல்

தனிச்சொல்லை விட்டுத் தொடரமைப்புக்கு வந்தால் வேறொரு வேற்றுமை புலனாகும். ஒரு சிறுவன் தெருவை ஓடிக் கடக்கிறான். ஆங்கிலம் 'ஓடினான்' என்பதை முதன்மை வினையாக்கி, 'குறுக்கே' என்னும் பொருளை ஒரு சிறு துணைச்சொல்லிடம் ஒப்படைக்கிறது. பிரெஞ்சோ 'கடந்தான்' என்பதை முற்றாக்கி, 'ஓடி' என்பதை அதற்கு அடையாக்குகிறது. வினேயும் தார்பெல்னேயும் இந்த இடமாற்றத்தை விரித்துரைத்தனர். லெனார்டு தால்மி என்னும் அமெரிக்க மொழியியலார், செல்லும் வழியை வினையிலேயே சொல்லும் மொழிகள், அதனை வினைக்கு வெளியே வைக்கும் மொழிகள் என உலக மொழிகளை வகுத்துக் காட்டினார். பிரெஞ்சு முதல்வகை, ஆங்கிலம் இரண்டாம் வகை.

தமிழ் எங்கே நிற்கிறது? 'தெருவை ஓடிக் கடந்தான்', 'ஆற்றை நீந்திக் கடந்தான்'. முற்று, கடத்தல், எச்சம், நீந்துதல். பிரெஞ்சு நின்ற இடத்திலேயே தமிழும் நிற்கிறது. 'சிரிக்கச் செய்தான்' என்னும் தமிழமைப்பும் அவ்வண்ணமே பிரெஞ்சில் 'ஃபேர் ரிர்' என வழங்கும். 'எனக்குப் பிடிக்கும்' என்னும் நான்காம் வேற்றுமை அமைப்புக்கும் 'பிளேர்' என்னும் வினையில் இணை உண்டு. பிரெஞ்சு கற்கப் புகும் தமிழ் மாணவர் ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்க்க முயன்று தடுமாறுவதுண்டு. ஒருகணம் தமிழில் நினைத்துப் பின் பிரெஞ்சில் எழுதினால் பல இடங்களில் வழி நேராகும். வினையெச்சம் என்னும் செல்வம் கையிருக்க, கடன் வாங்க வேண்டுவதில்லை.

அறமன்றத்தில் ஒரு வினை

இவையெல்லாம் புலவர் பொழுதுபோக்கு என்று எண்ணுவாரும் உளர். அவர்கள் கனடா நாட்டு நிகழ்வொன்றை அறிதல் நலம். அந்நாட்டு நாடாளுமன்றச் சட்டங்கள் இருமொழியிலும் இயற்றப்பெற வேண்டும் என 1867ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டமே விதித்தது. இருமொழி வடிவங்களும் ஒத்த அதிகாரம் உடையவை. ஒன்று மூலம், ஒன்று பெயர்ப்பு என்று கொள்வதற்கில்லை.

குற்றத்தால் வந்த பொருளைக் கைமாற்றி மறைப்பதைத் தடுக்கும் சட்டப்பிரிவு ஒன்றில், ஆங்கில வடிவம் பல வினைகளை அடுக்கியபின், இறுதியில் 'டீல் வித்' என்னும் பரந்த வினையையும் சேர்த்திருந்தது. 'வேறு எவ்வாறேனும் கையாளுதல்' என்பது அதன் கருத்து. பிரெஞ்சு வடிவத்தில் குறிப்பிட்ட செயல்கள் மட்டும் வரிசைப்பட்டிருந்தன. அந்தப் பரந்த வினைக்கு இணையான சொல் இல்லை. திருட்டுப்பொருள் என்று நம்பத்தக்கவற்றை விலைக்கு வாங்கியோர்மீது இப்பிரிவின்கீழ்த் தொடுக்கப்பெற்ற வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இருவடிவத்திற்கும் பொதுவான பொருள் எதுவோ அதுவே சட்டம் என்ற நெறிப்படி, 2004ஆம் ஆண்டில் நீதிமன்றம் குறுகிய பிரெஞ்சு வடிவத்தையே ஏற்றது. வாங்குதல் என்னும் செயல் அவ்வடிவத்துள் அடங்கவில்லை; அக்குற்றச்சாட்டிலிருந்து அவர்கள் விடுபட்டனர். ஒரு சிறு வினை ஒரு மொழியில் இருந்தது, மறுமொழியில் இல்லை. தீர்ப்பு அந்த இடைவெளியில் நின்றது.

பொறியும் சொல்லும்

அதே நாட்டில் 1977 முதல் 2001 வரை வானிலை அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்குப் பெயர்த்தது ஒரு பொறி. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவான அந்த அமைப்பு சிறப்பாகப் பணியாற்றியது. வெற்றியின் காரணம் எளிது. மழை, காற்று, வெப்பம் என்று வரையறுத்த சொற்களே வானிலை அறிக்கையில் வரும். 'கெட்', 'டேக்' போன்ற குறும்பு வினைகளுக்கு அங்கே வேலை மிகக் குறைவு. விமானப் பராமரிப்பு நூல்களுக்கு இத்தகைய பொறியை ஆக்க எடுத்த அடுத்த முயற்சி 1981இல் கைவிடப்பட்டது.

பின்னர் 1990களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் கனடா நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளை இருமொழியிலும் அடுக்கிப் பொறிக்குக் கொடுத்தனர். 'பிராந்த்ர்' என்னும் பிரெஞ்சு வினை ஆங்கிலத்தில் எப்போது 'டேக்' ஆகும், எப்போது 'மேக்' ஆகும் என்பது அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஒன்று. விடை, அடுத்து நிற்கும் பெயரில் இருந்தது. 'நடவடிக்கை' வந்தால் ஒன்று. 'முடிவு' வந்தால் மற்றொன்று. இனமும் சார்பும் பார்க்க என்ற பழைய நெறியைப் பொறி எண்ணிக்கை வழியே கண்டடைந்தது. இன்றைய பொறிகள் அதனினும் பன்மடங்கு நுண்மையாகச் சார்பினைக் கணிக்கின்றன. சாலைப் பலகையும் கடிதமும் அவற்றுக்கு இனி அரியன அல்ல.

கவிதையின் வழக்கு

அவ்வாறாயின் கவிஞர்க்கு எஞ்சுவது யாது? இதுகாறும் சொன்னவை அனைத்தும், பல பொருள்களுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது பற்றியவை. கவிதையோ சில இடங்களில் இரண்டு பொருளையும் ஒருங்கே வேண்டும்.

'லீவ்' என்னும் ஆங்கில வினையை நோக்குக. பிரெஞ்சில் புறப்படுதலுக்கு ஒரு சொல். ஒருவரைப் பிரிந்து நீங்குதலுக்குக் 'கிதே'. ஒன்றை விட்டுச்செல்லுதலுக்கு 'லெசே'. ஓர் ஆங்கிலக் கவிஞர், ஒருத்தி தன் கணவனையும் வீட்டுத் திறவுகோலையும் விட்டாள் என்று ஒரே 'லீவ்' வினையில் இரண்டையும் கோத்து எழுதுகிறார் என்று கொள்வோர்க்குச் சிக்கல் விளங்கும். ஆளையும் பொருளையும் ஒரு வினையில் கட்டியதுதான் அவ்வரியின் கொடுமையும் அழகும். பிரெஞ்சுப் பெயர்ப்பாளர் 'கிதே', 'லெசே' என இரண்டு வினை எழுதினால் பொருள் துல்லியமாகும், கட்டு அவிழ்ந்துவிடும். 'லெசே' என்ற ஒன்றையே எழுதினால் கட்டு நிற்கும். பிரிவின் முடிந்த முடிபு சற்றே தளரும். இழப்பின்றி வழியில்லை. எதனை இழப்பது என்பதே தெரிவு.

அறிவிப்பாயின் துல்லியத்தைக் காக்க வேண்டும். கதையாயின் இடத்திற்கேற்ப முடிவு செய்யலாம். கவிதையாயின், அவ்வரி எந்தக் கீலில் சுழல்கிறதோ அந்தக் கீலைக் காத்தே ஆகவேண்டும். தமிழில் 'அவனை விட்டாள். திறவுகோலையும் விட்டாள்' எனலாம். 'விடு' என்னும் வினை இரண்டனையும் தாங்கும். பிரெஞ்சுக்கு அரிதானது தமிழுக்கு எளிதாகும் இடம் இது.

அன்பைச் சொல்லும் இடத்தில் நிலை தலைகீழாகிறது. விருப்பத்திற்கு ஒன்று, காதலுக்கு ஒன்று என ஆங்கிலம் இரண்டு வினை வைத்திருக்கிறது. பிரெஞ்சில் 'எமே' என்னும் ஒன்றே இரண்டனையும் தாங்கும். விருப்பம் மட்டுமே என்று ஒருவரிடம் சொல்ல, 'நன்றாக' என்று பொருள்படும் 'பியான்' என்னும் அடையைச் சேர்ப்பர். சேர்த்தால் அன்பு பெருகும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார், சேர்த்தால் குறைகிறது! ஒருவரின் இன்மையை உணர்வதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'மிஸ்'. அங்கே வருந்துபவரே எழுவாய். பிரெஞ்சில் 'மான்கே' என்பர்; அங்கே பிரிந்தவர் எழுவாயாகிறார், வருந்துபவர் நான்காம் வேற்றுமைக்குச் செல்கிறார். 'நீ எனக்கு இல்லாமற் போகிறாய்' என்பது போன்ற அமைப்பு. துயரம் ஒன்றே, அத்துயரின் தலைவர் யார் என்பதில் மொழிகள் மாறுபடுகின்றன.

பிரெஞ்சுக் கவிஞர் மல்லார்மே ஆங்கிலம் கற்பித்து வாழ்ந்தவர். எட்கர் ஆலன் போ எழுதிய 'அண்டங்காக்கை' பற்றிய நெடும்பாடலை 1875இல் ஓவியர் மனேயின் படங்களுடன் அவர் பிரெஞ்சில் வெளியிட்டார். யாப்பை விட்டு உரைநடையிலேயே பெயர்த்தார். ஓசைக்காகச் சொல்லை வளைக்க அவர் விரும்பவில்லை போலும். அயர்லாந்துக்காரரான சாமுவேல் பெக்கெட், கோதோ என்பாருக்காகக் காத்திருக்கும் இருவரைப் பற்றிய நாடகத்தை 1952இல் பிரெஞ்சில் வெளியிட்டுப் பின் 1954இல் தாமே ஆங்கிலத்தில் தந்தார். பிரெஞ்சுத் தலைப்பு 'காத்திருக்கையில்' என்று நேரத்தைச் சுட்டும். ஆங்கிலத் தலைப்பு 'காத்திருத்தல்' என்று செயலை மட்டும் சுட்டும். தம் நூலைத் தாமே பெயர்ப்பவரும் ஒன்றைத் தந்தே ஒன்றைப் பெறுகிறார்.

தமிழ்க் கவிஞர்க்கு

'கொடு' என்னும் பொருளுக்கு ஈ, தா, கொடு என மூன்று சொல் வைத்து, இரப்பவன் தாழ்ந்தவனா, ஒத்தவனா, உயர்ந்தவனா என்பதை அவற்றால் அறியச் செய்த மொழி தமிழ். ஆங்கிலத்தில் 'கிவ்' ஒன்றே. பிரெஞ்சும் ஒரு வினையே கொண்டது. எனினும் நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை வினையின் ஈற்றில் வைத்துக் காக்கிறது. ஆங்கிலத்திலிருந்து வரும் பெயர்ப்பாளர், மூலம் சொல்லாத உறவைத் தாமே உய்த்துணர்ந்து எழுத வேண்டியவராகிறார்.

அவ்வுணர்வு மங்கும்போது என்ன நேரும் என்பதற்குத் தமிழ்நாட்டுத் தெருவே சான்று. ஆங்கில 'டேக்' தமிழ் 'எடு' மேல் ஏறிக்கொண்டு வருகிறது. 'குளியல் எடுத்தான்' என்கின்றனர்; குளித்தான் என்பது எங்கே போயிற்று? 'பேருந்தை எடுத்தான்' என்று பயணியைப் பற்றி எழுதுகின்றனர். தமிழில் பேருந்தை எடுப்பவர் ஓட்டுநர், பயணி ஏறுவார். ஒரு வினையின் பிழை பயணியை ஓட்டுநராக்கிவிட்டது. கியூபெக் சாலையில் 'லாந்த்மான்' என்று எழுதிய கை இங்கும் எழுதிக்கொண்டிருக்கிறது.

தமிழுக்கும் தன் சிறு வினைகள் உண்டு. கோலம் போடுவர், தேநீர் போடுவர், கணக்குப் போடுவர், சண்டை போடுவர், ஊசி போடுவர். பூனையும் குட்டி போடும். இந்தப் 'போடு' பிரெஞ்சுக்குச் சென்றால் ஆறு வேறு வினையாகச் சிதறும். அதில் குறையொன்றும் இல்லை. இயற்றுவோர் தம் மொழியின் சிறு வினைகளைக் கூர்ந்து கேட்டால் போதும். பெருஞ்சொற்களை அகராதி காக்கும். சிறு வினைகளைக் காப்பவர், அவற்றை நாளும் பிழையின்றி வழங்கும் மக்களும், அவ்வழக்கறிந்து எழுதும் கவிஞருமே. பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் அப்பணியை மேலும் பல்லாண்டு ஆற்றுக.